ரயிலிலிருந்து ஒரு சிலிண்டர்

சாம்பியன் ரீப்ஸ்
10 ஜூன் 2024

கோலாலம்பூரில் ஏசி அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் கொழுந்தனார் வாசு அவர்களுக்கு,

உன்னோடு இனிமேல் போனில் பேசுவதில்லை என்று போன வியாழக்கிழமை சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அஞ்சாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. தினம் என்னோடு ரயிலில் வருகிற பக்கத்து வீட்டு ஐடா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். அனுப்பும்போது படிக்கவும் படிப்பாள். ஆகவே உன் மானத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் கத்தினேன், நீ கம்ப்யூட்டர் மாதிரி பதில் சொன்னாய், யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இப்போது மெதுவாகச் சொல்கிறேன், கேள்.

உன் அண்ணன் நெஞ்சு முழுக்கத் தங்கச் சுரங்கத் தூசி. மூக்கில் குழாய் இல்லாமல் அவரால் ஒரு பகலைத் தள்ள முடியாது. இது உனக்குத் தெரியும். ஆக்சிஜன் டிப்போவில் பதிவு காலை ஆறு மணிக்குத்தான் திறக்கிறது. எட்டு மணிக்குச் சிலிண்டர் வண்டி கிளம்பிவிடும். ஆறு மணிக்கு நான் எங்கே? பங்காருபேட்டை தாண்டி, பெங்களூர் ரயிலில், மூன்று பேர் சீட்டில் ஐந்தாவது ஆளாக. டிப்போவுக்குப் போன் போட்டால் எப்போதும் எங்கேஜ். இதைப் பார்த்துத்தான் போன வருஷம் நீ அவர்களுடைய பழைய புரோகிராமுக்கு முன்னால் ஒரு வெப் பக்கம் போட்டுக்கொடுத்தாய். இனாமாகவே போட்டாய். ரயிலில் உட்கார்ந்தபடி வீட்டுக்குச் சிலிண்டர் அனுப்புகிற மகாராணி என்று நான் பெட்டி முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அதையும் மறக்கவில்லை.

புதன்கிழமை பட்டனை அமுக்கினேன். டேக்கல் பக்கம் பாறைகளுக்கு நடுவே சிக்னல் போய்விட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றுகிறதே என்று இன்னொரு தரம் அமுக்கினேன். சாயங்காலம் வரை சிலிண்டர் வரவில்லை. ஐடா வீட்டுக்காரர் சகாயம்தான் உன் அண்ணனை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் வந்து சேர்ந்தபோது அவர் உதடு நாவல்பழம் தின்றவர் மாதிரி இருந்தது.

மறுநாள் டிப்போவில் கிளார்க் ஆஸ்டின் சொல்கிறார்: "நீங்கதானே மேடம் கேன்சல் பண்ணீங்க? இங்க அப்படித்தான் காட்டுது." உனக்குப் போன் போட்டால் நீயும் அதே பாட்டு. "லாக்ல கஸ்டமர் கேன்சல்டுன்னு இருக்கு அண்ணி."

என் புருஷன் மூச்சை நான் கேன்சல் பண்ணினேனா வாசு? இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் மூச்சை நிறுத்த எனக்கு எத்தனையோ நல்ல சமயம் கிடைத்திருக்கிறது. ரயிலில் இருந்துகொண்டா செய்வேன்?

இதில் உன் அண்ணன் உன் கட்சி. மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, இன்னும் சுரங்கத்தில் ஆள் இறக்கும் கூண்டுக்குள் நிற்கிறவர் மாதிரிச் சொல்கிறார்: "கேஜ் மணிய ஒரு தரம் அடிச்சிட்டா மறுபடி அடிக்கக்கூடாதுடி. அர்த்தமே மாறிடும். அதுகூடத் தெரியாம இன்னா பொம்பளை நீ?"

இனி விஷயம். இந்த மாசக் கடைசிக்குள், நான் சமைக்கிற ஒயிட்ஃபீல்ட் கேண்டீனில், வேலைக்கு இருப்பேனா போவேனா என்று பதில் சொல்ல வேண்டும். உன் பக்கத்தை நம்ப முடியாதென்றால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கப் போகிறேன். விட்டால் விட்டதுதான், என் இடத்துக்கு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கும். என் சாம்பாரைத் திட்டிக்கொண்டே இரண்டாவது தரமும் வாங்குகிற ஜனங்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்?

இன்னும் முறைத்துக்கொண்டிருக்கும்,
ஷோபா அண்ணி

---

கோலாலம்பூர்
12 ஜூன் 2024

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் திறந்தேன். பக்கத்தில் இருந்தவர் எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டார். ஏன் சிரிப்பு நின்றது என்று அவர் கேட்கவில்லை.

முதலில் ஒன்று. நீங்கள் ரத்து செய்யவில்லை. ரத்து என்று சொன்னது லாக், புரோகிராம் தன் நடப்பைக் குறித்து வைக்கும் பதிவேடு. அதை அப்படிக் குறிக்க வைத்தவன் நான்.

நடந்தது என்னவென்று இரண்டு நாளாகத் தேடி இப்போதுதான் பிடித்தேன். டிப்போவின் பழைய புரோகிராம் நான் படித்து முடித்தவுடன் கோபோலில் எழுதியது. கோபோல் என்பது கடை, கம்பெனி, பேங்க் கணக்குகளுக்காகவே வந்த பழைய கம்ப்யூட்டர் மொழி. இங்கே எனக்குச் சோறு போடுவதும் அதுதான். அப்போது ஆஸ்டின் ஒருவர்தான் கருப்புத் திரையில் பதிவுகளைத் தட்டுவார். தவறாகத் தட்டிவிட்டால் அதே வரியை அப்படியே இன்னொரு முறை தட்டுவார். உடனே அது ரத்தாக வேண்டும் என்று கேட்டார். அந்த டிப்போவின் பழக்கம் அது. கேட்டபடியே எழுதிக்கொடுத்தேன். ஒரே வீடு, ஒரே நாள், இரண்டாவது முறை வந்தால் முதல் பதிவு ரத்து. இத்தனை வருடத்தில் ஒரு தவறும் நடக்கவில்லை, ஏனென்றால் தட்டுகிற கை ஒன்றுதான்.

போன வருடம் அதன் தலையில் வெப் பக்கத்தைக் கொண்டுபோய் ஒட்டினேன். ஒட்டிய அன்றிலிருந்து தட்டுவது ஆஸ்டின் இல்லை, ஊரே தட்டுகிறது. அது எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் இரண்டாவது முறை அமுக்கியதை உள்ளே இருக்கும் புரோகிராம் ஆஸ்டின் தன் தவறைத் திருத்துகிறார் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

அண்ணன் சொன்னது கேஜுக்குச் சரி. அங்கே மணி அடிக்கிறவர் பயிற்சி எடுத்தவர். வெப்பில் வருகிறவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. வட்டம் சுற்றினால் எல்லோரும் மறுபடி அமுக்கத்தான் செய்வார்கள். நானும் அமுக்குவேன். அதைத் தாங்குவது பக்கத்தின் வேலை, அமுக்குகிறவர் வேலை இல்லை. இதை அண்ணனிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

சரியாகிற வரைக்கும் அண்ணனுக்கு வேண்டிய ஒவ்வொரு சிலிண்டரையும் நானே இங்கிருந்து பதிவு செய்கிறேன். உங்களுக்கு ஆறு மணி என்றால் எனக்கு எட்டரை, மேசைக்கு வந்துவிடுவேன். நீங்கள் பட்டனைத் தொட வேண்டாம்.

ஒரு உதவி வேண்டும். அன்று திரையில் என்ன தெரிந்தது என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். அந்தப் பழைய மறுபதிவு விதியைப் புரோகிராமிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

வேலையை விடாதீர்கள் அண்ணி. கொஞ்சம் பொறுங்கள்.

வாசு

---

சாம்பியன் ரீப்ஸ்
14 ஜூன் 2024

வாசுவுக்கு,

"நீங்கள் ரத்து செய்யவில்லை" என்ற வரியை ஐடாவை இரண்டு தரம் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியும். உன் அண்ணன் காதில் விழ வேண்டும் அல்லவா? அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது அவர் ஊர் மன்னிப்பு. எனக்குப் போதும்.

நேற்று சிலிண்டர் வந்தது. மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு மனுஷன் சாம்பியன் ரீப்ஸுக்குக் காற்று அனுப்புகிறான் என்று சகாயம் ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார். உனக்கு நன்றி சொல்ல மாட்டேன் என்றுதான் உட்கார்ந்தேன். கை தானாக அந்தச் சொல்லை எழுதிவிட்டது. அடித்தால் அசிங்கமாகத் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும்.

திரையில் என்ன தெரிந்தது என்று கேட்டாய். முதலில் வட்டம். அப்புறம் இங்கிலீஷில் "ஸ்டேட்டஸ் 04". நாலு என்றால் என்ன? நாலு மணிக்கு வருமா, நாலு நாள் ஆகுமா, நாலாவது ஆளா நான்? சரி, நாலாவது ஆளாக வரிசையில் நிற்கிறேன் போலிருக்கிறது என்று நிம்மதியாகப் போனைப் பையில் போட்டேன். அது கேன்சலுக்கு நீ வைத்த பேர் என்று இப்போது தெரிகிறது. நல்ல பேர் வைத்தாய். உன் பிள்ளைக்காவது மனுஷப் பேர் வைத்தாயே, சந்தோஷம்.

அந்த விதியை எடுக்கலாமா என்று கேட்டாயே, அவசரப்படாதே. இன்றைக்கு டிப்போவுக்குப் போய் ஆஸ்டினிடம் சொன்னேன். மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயையோ மேடம், அத எடுத்துட்டா நான் எப்படி கேன்சல் பண்ணுவேன்? எனக்கு வேற வழியே தெரியாது. அப்படியே பழகிகினேன்."

"ஒரு நாளைக்கு எத்தினி கேன்சல் பண்றீங்க?"

"நாலு அஞ்சு இருக்கும். ஆளு ஊருக்குப் போயிருப்பான், ஆஸ்பத்திரில இருப்பான், செத்தும் போயிருப்பான்."

முதலாளி திலீப் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "வாசுகிட்ட சொல்லுங்க, உள்ள கை வெக்க வேணாம். அது நல்லாத்தான் ஓடிகினு இருக்கு. வெளிய இன்னா வேணா பண்ணிக்கட்டும்."

எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆஸ்டினை இடம் மாற்றாமல் என்னை மட்டும் மாற்றி உட்கார வை. கேண்டீன் பதிலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மறந்துவிடாதே.

ஷோபா அண்ணி

---

கோலாலம்பூர்
20 ஜூன் 2024

அண்ணி,

திலீப் சொன்னது சரி. நன்றாக ஓடுகிற பழைய புரோகிராமை வெப்புக்காக உடைக்கக்கூடாது. அதில் கை வைக்கவில்லை. அதற்கும் வெளியே இருக்கும் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் புரோகிராமைக் காவல்காரனாக நிறுத்தியிருக்கிறேன்.

அவன் வேலை இதுதான். நீங்கள் பக்கத்தைத் திறந்தவுடன், அமுக்குவதற்கு முன்பே, அந்தப் பதிவுக்கு ஒரு எண் கொடுத்துவிடுவான். அதே எண் இரண்டாவது முறை வந்தாலும் இருபதாவது முறை வந்தாலும் ஒன்றுதான், உள்ளே போவது ஒரு முறைதான். வேறு போனிலிருந்து வேறு எண்ணோடு அதே வீட்டுக்கு வந்தால், ஏற்கெனவே பதிவாகிவிட்டது, இன்னொன்று வேண்டுமா என்று கேட்பான்; வேண்டுமென்றால் முதல் பதிவு ரத்தாகாதபடி தனியாக உள்ளே விடுவான். ரத்து என்பது தனிப் பட்டன், அதுவும் நிச்சயமா என்று கேட்ட பிறகுதான். ஆஸ்டினின் கருப்புத் திரைக்கு இவன் குறுக்கே நிற்கமாட்டான்.

இவனை உங்கள் போனில் வைக்கவில்லை, டிப்போவின் சர்வரில் வைத்திருக்கிறேன். போனில் பட்டனை மங்கலாக்கி மறைத்து வைப்பது பார்வைக்குத்தான். போனிலிருந்து வருவது எதையும் சரிபார்க்காமல் உள்ளே விடக்கூடாது. இங்கே புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லித்தருவது இது. ஊருக்கு இனாமாகச் செய்தபோது மட்டும் விட்டுவிட்டேன். இனாம் என்பதால் அல்ல அண்ணி. நம் ஊர்தானே, எல்லாம் தெரிந்தவர்கள்தானே என்று.

எண்களை எடுத்துவிட்டேன். இனிமேல் திரையில் தமிழிலும் கன்னடத்திலும் முழு வாக்கியம்தான் வரும். வாக்கியத்தை நீங்களே எழுதித் தாருங்கள்.

இப்போது முக்கியமான வேலை. இத்துடன் வரும் முகவரியில் இருப்பது பக்கத்தின் இன்னொரு பிரதி. அதில் என்ன அமுக்கினாலும் டிப்போவுக்குப் போகாது. ரயிலில் உள்ள எல்லோரையும் அமுக்கச் சொல்லுங்கள், முரட்டுத்தனமாக. எது உடைந்தாலும் எழுதுங்கள்.

எனக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு பெங்களூரில் இருந்தபோது அதே ரயிலுக்கு விடிவதற்குள் சோறு கட்டிக்கொடுத்தவர் நீங்கள். அதை நான் எங்கும் சொன்னதில்லை. அந்த ரயிலிலேயே நான் செய்த தவறு உங்களைப் பிடித்தது. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

வாசு

---

சாம்பியன் ரீப்ஸ்
24 ஜூன் 2024

காவல்காரனின் முதலாளிக்கு,

உன் காவல்காரனை எங்கள் பெட்டி இன்று காலை துவைத்துக் காயப்போட்டது.

"வாங்கம்மா வாங்க, இன்னிக்கு அமுக்கறது இனாம்" என்று நான் ஒரு குரல் விட்டேன். கார்மென்ட்ஸ் பெண்கள், செக்யூரிட்டி வேலைக்காரர்கள், பூ கட்டும் அம்மா, எல்லோரும் போனை எடுத்தார்கள். ராதிகா என்று ஒருத்தி இருக்கிறாள், தறி மாதிரி இரண்டு கட்டை விரலாலும் அடித்தாள். ஒரு பெரியவர் பேர் எழுதுகிற இடத்தில் "நீ யாரு முதல்ல சொல்லு" என்று எழுதினார். பக்கம் அவரிடம் மரியாதையாக மறுபடி பேர் கேட்டது. அவருக்குச் சந்தோஷம். டேக்கலில் சிக்னல் போனபோது வேண்டுமென்றே எல்லோரும் சேர்ந்து அமுக்கினோம். வந்த பிறகு பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரே பதிவு. பெட்டியே கைதட்டியது. டிக்கெட் பார்க்கிறவர் பயந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

இப்போது உடைந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்துகொள்.

நான் எங்கள் வீட்டுக்குப் பதிவு செய்தேன். ஆனது. பிறகு ஐடா அவள் வீட்டுக்குச் செய்தாள். "உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்றது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"இன்னாக்கா, நம்ம ரெண்டு வீடும் எப்ப ஒண்ணாச்சி?"

"உங்க வீட்டுக்காரரு என் வீட்டுக்காரர ஆட்டோல தூக்கிகினு போனாரே, அன்னிக்கே ஆச்சி போ."

சிரித்தோம். அப்புறம்தான் உறைத்தது. இது மட்டும் நிஜமாக இருந்து, அவள் வீட்டிலும் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தால்?

ஒயிட்ஃபீல்ட் வருவதற்குள் ஐடாவே காரணத்தைக் கண்டுபிடித்தாள். நம் ஊர் விலாசம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? முதலில் தொழிலாளர் கேம்ப் பேர், அப்புறம் எந்தச் சுரங்க ஷாஃப்ட் பக்கம், அப்புறம் வரிசை வீடுகளின் லைன் பேர், வீட்டு நம்பர் கடைசியில். உன் புரோகிராம் பாதியில் கத்தரித்துவிடுகிறது. நம்பர் கீழே விழுந்துவிடுகிறது. ஒரு லைனில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

வாக்கியம் கேட்டாயே: "வந்துடுச்சிம்மா. திரும்ப அமுக்கவேணாம். போய் உன் வேலையைப் பாரு." இதையே போடு.

ஆறு நாள்தான் பாக்கி.

ஷோபா அண்ணி

---

கோலாலம்பூர்
27 ஜூன் 2024

அண்ணி,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து வேறு எதையும் செய்யவில்லை.

பழைய புரோகிராமில் விலாசத்துக்கு முப்பது எழுத்துதான் இடம். அதற்கு மேல் வந்தால் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஆஸ்டினுக்கு அது தெரியும், அவரே சுருக்கித் தட்டுவார். வெப்பில் வருகிறவருக்கு யார் சொல்வது? நான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது கேம்ப், லைன், வீட்டு எண் மூன்றும் தனித்தனிக் கட்டங்கள். இடம் போதவில்லை என்றால் பக்கம் வெட்டாது, நின்று சொல்லும். வீட்டை அடையாளம் காண்பதும் இனி விலாசத்தை வைத்து அல்ல, டிப்போ அட்டையில் உள்ள வாடிக்கையாளர் எண்ணை வைத்து. பழைய பதிவுகளையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். உங்கள் லைனில் மட்டும் இதுபோல மூன்று வீடுகள் ஒன்றாகக் கிடந்தன. அவற்றைப் பிரித்துவிட்டேன். ஒருவருக்கும் இதுவரை கேடு வரவில்லை. வந்திருக்கக்கூடியதை நீங்களும் ஐடாவும் தடுத்தீர்கள்.

ஐடாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். படித்துக்கொண்டுதான் இருப்பார் என்பதால்: நன்றி ஐடா அக்கா.

ஜூலை ஒன்றாம் தேதி காலை நிஜப் பக்கம் மாறுகிறது. நானும் அதே நேரத்தில் இங்கே பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் வாக்கியத்தை எழுத்து மாற்றாமல் போட்டுவிட்டேன். திலீப் "இது மரியாதையா இருக்காதே" என்றார். மரியாதைதான் என்றேன்.

கேண்டீனில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. அதனால் கேட்கவில்லை.

வாசு

---

சாம்பியன் ரீப்ஸ்
12 ஜூலை 2024

வாசுவுக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். போன மாசக் கடைசியில் கேண்டீன் மேனேஜரிடம் போய், "நான் எங்கியும் போவல சார், நாளைக்கு தேங்கா நல்லதா வாங்கி வெய்யுங்க" என்று சொல்லிவிட்டேன். உன் புதுப் பக்கம் வருவதற்கு முன்பே. நம்பித்தான் சொன்னேன்.

ஒன்றாம் தேதி அமுக்கினேன். "வந்துடுச்சிம்மா" என்றது. சிலிண்டர் வந்தது. நாலாம் தேதியும் ஏழாம் தேதியும் அப்படியே. பெட்டியில் இப்போது யாருக்கு எது கிடைத்தாலும் "வந்துடுச்சிம்மா" என்றுதான் சொல்கிறார்கள், சீட்டு கிடைத்தாலும் சரி, சம்பளம் கிடைத்தாலும் சரி.

ஒன்பதாம் தேதி நடந்ததுதான் எழுத வேண்டியது. ஆறு மணி தாண்டிப் பக்கத்தைத் திறந்து அமுக்கினேன். "உங்கள் வீட்டுக்கு இன்று ஒரு சிலிண்டர் பதிவாகிவிட்டது. இன்னொன்று வேண்டுமா?" என்று கேட்டது. அதற்கு முன்னால் நான் அமுக்கவே இல்லையே! ஐடாவைப் பார்த்தேன், அவள் போன் பையில் இருந்தது. மறுபடி இரண்டு வீடு ஒன்றாகிவிட்டதா? இல்லை, மலேசியாவிலிருந்து நீ பாசத்தில் அமுக்கிவிட்டாயா? வேண்டும் என்றும் அமுக்கவில்லை, வேண்டாம் என்றும் அமுக்கவில்லை. அதற்குள் டேக்கல் வந்து சிக்னல் போய்விட்டது, கையை மடியில் வைத்துக்கொண்டு சிக்னல் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மாலூரில் வந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"நான்தான்" என்றார் உன் அண்ணன்.

"நீங்களா? எதுல?"

"உன் பழைய போன்லதான். அலமாரில கெடந்துச்சே. நம்பரெல்லாம் கேட்டிச்சி, அட்டைய பாத்துப் போட்டேன்."

"எத்தினி தரம் அமுக்கினீங்க?"

"ஒரு தரம்தான். பதில் வந்துச்சி, விட்டுட்டேன்."

போனைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்குகிற மனுஷன். "ஏன், நான் அமுக்கமாட்டேனா?" என்று சண்டைக்குப் போனேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "நாலு மணிக்கி எழுந்திருக்கிற. ரயில்லயாவது கொஞ்சம் தூங்கலாமில்ல நீ?"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் தூக்கத்தைப் பற்றி அந்த மனுஷன் பேசியது இதுதான் முதல் தரம். அதுவரை தனக்கு வேண்டிய மூச்சைத் தானே கேட்டு வாங்க அவருக்கு ஒரு வழி இல்லாமல் இருந்திருக்கிறது வாசு. நான் வேலைக்குப் போகிறேன், எனக்கு வழி வேண்டும் என்றுதான் நான் கத்தினேன். அவருக்கும் ஒன்று வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. நீயும் இதை நினைத்துச் செய்யவில்லை என்று தெரியும். நினைக்காமல் செய்ததற்கும் சேர்த்து நன்றி. மறுபடி சொல்லமாட்டேன், ஒரு தரம்தான்.

இன்று காலை அவர் சொன்னபடியே செய்தேன். போனைப் பையில் போட்டுவிட்டு ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடினேன். ஒயிட்ஃபீல்டில் இறங்க வேண்டியவள் கிருஷ்ணராஜபுரம் வரை போய், எதிர் ரயில் பிடித்துத் திரும்பி வந்தேன். இருநூறு பேருக்குச் சாம்பார் லேட். மேனேஜர் காரணம் கேட்டார். கோலாலம்பூரில் என் கொழுந்தன் ஒருவன் இருக்கிறான், அவனைக் கேளுங்கள் என்று உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

ஷோபா அண்ணி